காதைத் தட்டினால் பார்க்கக் கூடாது

என் பதவியின் முழுப் பெயரைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்: சிறப்புத் தேவையுடைய மாணவர்களுக்கான வகுப்பறைத் துணைநிலை உதவியாளர், தற்காலிகம். கடைசிச் சொல் வந்ததும் திரும்ப உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு நீளத்தைச் சொல்லி முடிக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் ‘ஏம்மா’ என்று கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

ஐந்து பிள்ளைகள். மூக்கைத் துடைப்பது, செருப்பை மாட்டிவிடுவது, ஊட்டுவது, ஓடினால் பிடிப்பது, கடித்தால் வாங்கிக்கொள்வது என் வேலை. இதற்கு முன் பத்து வருடம் துணிக்கடையில் மடித்து வைக்கிற வேலை பார்த்தேன். நேர்முகத் தேர்வில், “பொறுமை இருக்கா?” என்று கேட்டார்கள். “நாப்பது சட்டையைப் பிரிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் வாங்காமப் போறவங்களைப் பாத்து, மறுபடி வாங்கன்னு சொல்லியிருக்கேன்” என்றேன். உடனே எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. முன்பு அங்கே உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்களாம். மணி அடித்ததும் நானூறு ஜோடிக் கால்கள் எங்கள் தலைக்கு மேல் தடதடவென்று இறங்கும். சத்தம் ஆகாத இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவார்கள். சத்தம் ஆகாத பிள்ளைகளுக்காகவே ஒரு வல்லுநர் குழு நேரில் வந்து ஆராய்ந்து தேர்ந்தெடுத்த அறை அது. அறிக்கையில் ‘அமைதியான சூழல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வந்தது விடுமுறை நாளில்.

எங்கள் ஆசிரியை தங்கமானவர். பிள்ளைகளைப் பார்த்ததில்லை என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பார்க்க நேரம் ஏது, ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒன்பது படிவம் நிரப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே எண்தான். ஒரு நாள் தலையை நிமிர்த்தியவர், எதிரில் நின்ற பையனைக் கண்டு, “இது யாரு, புதுசா?” என்று கேட்டார். அவன் இரண்டாம் எண். அவனைப் பற்றி நான்கு வருடமாக அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் எண்தான் பொத்தான். அந்தப் பெயரை வைத்தது நான். ஒன்பது வயது, பேச்சு வராது, எந்நேரமும் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பாள். வாரத்துக்கு ஒரு பொத்தானாவது கையோடு வந்துவிடும். அவள் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். முதல் நாள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது அவள் எனக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

“அக்கா, இவ காதை ரெண்டு தடவ தட்டினா பாத்ரூம் போகணும்னு அர்த்தம். குழந்தையா இருக்கறப்ப பாத்ரூம்ல வச்சுக் காதுல தண்ணி போயிடுச்சு. நான் தட்டித் தட்டி எடுத்தேன். அதுல இருந்து பாத்ரூம்னா இவளுக்குக் காதுதான். வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது. இது ஒண்ணுதான் தெரியும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எந்த வேலையையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பொத்தான் காதைத் தட்டுவாள், நான் கூட்டிப் போவேன். நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட உடை நனையவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி காரியம் நடந்துகொண்டிருந்தது.

இதில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. உதவியாளர் அறையை விட்டுத் தனியாக வெளியே போகக் கூடாது, போக வேண்டுமானால் பதிலி ஆள் வர வேண்டும் என்று விதி. பதிலிப் பதவி ஒன்று உண்டு, அதில் ஆள் கிடையாது. ஆசிரியை இருக்கிறாரே என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருப்பவர் கண்காணிப்பதாகக் கருதப்பட மாட்டார் என்றார்கள். அதாவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால்தான் நானும் கழிப்பறைப் பக்கம் தலைகாட்ட முடியும். மற்ற நான்கு பேருக்கும் டயபர், கூட்டிப் போக வேண்டியது பொத்தான் ஒருத்தியைத்தான். மதியத்துக்கு மேல் நான் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பேன். பொத்தான் என் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு காதைத் தட்டுவாள். கூட்டிப் போனால் சில நாள் அவள் உள்ளேயே போக மாட்டாள். வாஷ்பேசின் குழாயடியில் நின்றுகொண்டு, நான் போய்விட்டு வருகிறவரைக்கும் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பாள். பிள்ளை தெரியாமல் தட்டிவிட்டது, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நான்கு மாதம் கழித்து வட்டார அலுவலகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் வந்தார். எங்கள் ஊழியர்கள் அவரை இலக்கு சார் என்பார்கள். மூச்சு விடுகிற இடத்தில்கூட இலக்கு என்று சொல்கிற மனிதர். அவர் மூன்றாம் எண்ணின் கோப்பைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“இந்தப் பொண்ணு நாலு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு தடவ கழிப்பறைக்குப் போயிருக்கு. ஆனா ஒரு தடவகூடப் போகணும்னு கேக்கல. எப்படி?”

“கேட்டா சார். காதைத் தட்டுவா.”

“அங்கீகரிக்கப்பட்ட வெளிப்பாட்டு முறைகள் மூணு. பேச்சு, கை சைகைத் தொகுப்பு, பட அட்டை. காது இதுல எங்க இருக்கு?”

இல்லைதான். நான் அந்தப் பட்டியலை மேலும் கீழுமாக இரண்டு தடவை பார்த்தேன். காது எங்கேயும் இல்லை.

“அப்ப கேக்கலன்னுதான அர்த்தம்? கேக்காத பிள்ளைய நீங்க நானூத்திப் பன்னெண்டு தடவ கூட்டிட்டுப் போயிருக்கீங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். “அம்மா, பசிக்கிறவனுக்குச் சோறு போடுறது நல்ல காரியம். ஆனா பசிக்குதுன்னு அவன் முறைப்படி சொல்றதுக்கு முன்னாடியே போட்டுட்டா, சொல்ற உரிமைய நாம பறிச்சிட்டோம்னு ஆகுது. உங்க மனசு நல்ல மனசு. அதைத்தான் கொஞ்சம் சரி பண்ணணும்.”

மனதைச் சரிபண்ண மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி மையம் மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பயிற்றுநர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தவர். அவர் கீழே வாசலிலேயே இருந்துகொண்டு தன் வகுப்பைப் போனில் நடத்தினார். தலைப்பு, தடையற்ற அணுகல். இடையிடையே வண்டிச் சத்தத்தில் அவர் பேசியது விழவில்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டினோம். அதையும் போனில் அவருக்குக் கேட்கச் செய்தார்கள்.

பயிற்சியின் பெயர் ‘படிப்படியாக விலகுதல்’. முதல் படியில் கையைப் பிடித்துச் செய்ய வைக்கிறோம். இரண்டாம் படியில் விரலால் தொட்டால் போதும். மூன்றாவதில் வாயால் சொல்ல வேண்டும். நான்காவதில் வாசலில் நின்று பார்க்க வேண்டும். ஐந்தாவதில் பார்க்கவே கூடாது. ஐந்தாம் படியை எட்டிவிட்டால் பிள்ளை சுதந்திரம் அடைந்துவிட்டது என்று பொருள். செய்முறைப் பயிற்சியில் என்னைப் பிள்ளையாக நடிக்கச் சொன்னார்கள். வேறு பள்ளி உதவியாளர் ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு எதிரில் நின்றாள். நான் எவ்வளவு கேட்டும் அவள் தரவில்லை. நிஜமாகவே தொண்டை வறண்டு போய் எட்டிப் பிடுங்கினேன். அவளுக்கு ‘விலகுதலில் சிறப்பு’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கு ‘பங்கேற்றார்’ என்று போட்டுக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது மேசையில் அட்டை காத்திருந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட பட அட்டை. ஆண் ஒன்று, பெண் ஒன்று, நடுவில் ஒரு கோடு. கழிப்பறைக் கதவில் இருக்குமே, அந்தப் படம். பொத்தான் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெண் உருவத்தை விரலால் தடவி, முத்தம் கொடுத்துவிட்டுத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்பா இல்லை. ஆண் உருவத்தை அவள் கண்டுகொள்ளவில்லை. முறையற்ற பயன்பாடு என்று நான் குறிக்க வேண்டியிருந்தது.

அட்டையைச் செய்தது வட்டார அலுவலகம் என்றாலும் அதற்குப் பொறுப்பு தலைமை ஆசிரியர். அவர் ஒழுங்கான மனிதர். பள்ளிக்கூடம் தீப்பிடித்தால் பிள்ளைகளுக்கு முன் பொருள் இருப்புப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று காவலாளி சொல்வார். அவதூறாக அல்ல, மரியாதையாகவே சொல்வார்.

“ஏம்மா, அட்டை ஒண்ணுதான் இருக்கு. சாயங்காலம் என் அலமாரில வச்சுப் பூட்டிடுவேன். காலைல வழிபாடு, வருகைப் பதிவு எல்லாம் முடிச்சிட்டுப் பத்தரைக்குத் தருவேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க.”

“எட்டரைல இருந்து பத்தரை வரைக்கும் அவளுக்கு வந்தா என்ன சார் பண்றது?”

“எதும்மா வந்தா?”

“ஒண்ணுக்கு சார்.”

அவர் பதிவேட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, “அதுக்குத் தனி உத்தரவு ஒண்ணும் வரலையே” என்றார்.

உத்தரவு வந்தது வேறொன்றுக்கு. அட்டை பழக வேண்டுமானால் காது மறக்க வேண்டும். அதற்கு இலக்கு சார் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். திட்டமிட்டுப் பாராமலிருத்தல். பொத்தான் காதைத் தட்டினால் நான் பார்க்கக் கூடாது. சுவரில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். அவளைப் பார்க்காமல் எப்படி எண்ணுவது என்று கேட்டேன். சத்தத்தை வைத்து எண்ணச் சொன்னார்.

“காதைத் தட்டினா பாக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. ரொம்ப எளிமை. முதல்ல கூடும், அப்புறம் குறையும். கூடுறதப் பாத்துப் பயந்துடாதீங்க. கூடுனா வேலை செய்யுதுன்னு அர்த்தம். குறைஞ்சாலும் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்.”

“வேலை செய்யலன்னா எப்படி சார் தெரியும்?”

“அந்தக் கேள்வியே வராத மாதிரிதாம்மா திட்டம் போட்டிருக்கோம்.”

பிறகு கோப்பை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். “மூணாம் எண் இலக்க எட்டினா உங்க பேர நிரந்தரத்துக்குப் பரிந்துரை பண்றேன். இந்த வட்டாரத்துல ஒரே ஒரு இடம்தான் இருக்கு.”

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போனதிலிருந்து நான் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். முன் அறையில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே என் பாய். ஆறு வருடமாக யாரோ டிவி பார்த்து முடித்த பிறகுதான் நான் படுக்க முடியும். அண்ணி கெட்டவள் இல்லை. தினமும் கதவைத் திறந்ததும், “நிரந்தரம் ஆச்சா?” என்று மட்டும் கேட்பாள். ஆகவில்லை என்றதும் ஒதுங்கி வழி விடுவாள். எனக்கு என்று கதவு உள்ள ஓர் அறை வேண்டும் என்ற ஆசை அப்போது வெறியாகவே மாறியிருந்தது. அதனால் நான் சுவரில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். ஈரம் இறங்கிய ஒரு பழுப்புக் கறை.

முதல் நாள் காலை ஒன்பதே காலுக்குப் பொத்தான் தட்டினாள். நான் கறையைப் பார்த்தேன். மறுபடி தட்டினாள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து எதிரில் வந்து நின்று தட்டினாள். பிறகு பெரிய தவறு ஏதோ நடந்துவிட்டதுபோல என் முகத்தைக் கீழிருந்து எட்டிப் பார்த்தாள். விரலால் தட்டியவள் உள்ளங்கையால் தட்டினாள். அதன் பிறகு கையை முஷ்டியாக்கிக்கொண்டு அடித்தாள். பதினொன்றாவது கோட்டில் உடை நனைந்தது. அவள் நனைந்த தரையைப் பார்த்துவிட்டு, இப்போதாவது புரிகிறதா என்பதுபோல மறுபடி இரண்டு முறை தட்டினாள்.

தாளில் அழுகைக்கு, கோபத்துக்கு, தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்கு எல்லாம் கட்டம் இருந்தது. நனைவதற்கு இல்லை. ஆசிரியையிடம் கேட்டேன். அவர் நிமிராமல், “மற்றவைல போடுங்க” என்றார்.

எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாளும் இருந்தது. மூன்றாம் நாள் வெட்கத்தைவிட முதுகு வலிதான் அதிகம், தரையை நான்தானே துடைக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் இலக்கு சார் வரைபடத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. “அருமை. இவ்வளவு வேகமா ஏறி நான் பாத்ததே இல்ல” என்று சொல்லி எனக்குக் கை கொடுத்தார்.

இரண்டாவது வாரம் அம்மாக்காரி பள்ளிக்கு வந்தாள். இஸ்திரி போட்டு மடித்த மாற்றுடை நான்கு செட்டைப் பையில் கொண்டுவந்திருந்தாள். பத்து வருடம் மடித்தவள் நான், எனக்கே அப்படி ஒரு மடிப்பு வராது.

“அக்கா, இவ காது ஏன் இப்படிச் செவந்து கன்னிப் போயிருக்கு?”

“பயிற்சி நடக்குதுமா.”

“காதுக்கா?”

“அட்டைக்கு.”

அவள் என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கத்துகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. அவள், “நீங்க நல்லா பாத்துக்கிறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்கா” என்று மட்டும் சொன்னாள். பையை என் காலடியில் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஐந்தாவது வாரம் கோடு இறங்கத் தொடங்கியது. பொத்தான் கையைத் தூக்குவாள், பாதி வழியில் நிறுத்திவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகுவாள். ஏழாவது வாரம் பூஜ்யம். அட்டைப் பழக்கமும் வந்துவிட்டது. அதை நான்தான் பழக்கினேன். யாராவது அவள் முன் கையை நீட்டினால் அட்டையை அந்தக் கையில் வைக்க வேண்டும், வைத்தால் ஒரு பிஸ்கட். அவள் புத்திசாலி, இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். கையை நீட்டுவேன், அட்டை வரும், பிஸ்கட் போகும். கழிப்பறைக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கும் தாளில் கட்டம் இல்லை. அட்டை கொடுத்தால் அவளைத் தனியாக அனுப்பிவிட்டு நான் எங்கள் அறை வாசலிலேயே நிற்க வேண்டும். நான்காம் படி. அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். பிறகு வகுப்பில் உட்கார்ந்து, முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், நனைப்பாள். மற்றவை.

என் பாடும் கஷ்டமாகிவிட்டது. அவள் தனியாகப் போவதால் எனக்கு வெளியே போகக் காரணமில்லாமல் போயிற்று. காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மூன்றரை மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். பதிலி கேட்டு விண்ணப்பம் போட்டேன். ‘தேவை முறைப்படி மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று திரும்பி வந்தது.

அம்மாக்காரி இன்னொரு முறை வந்தாள். இந்தத் தடவை பள்ளி விட்ட பிறகு தலைமை ஆசிரியர் அறைக்கே போனாள். இலக்கு சாரும் அங்கே இருந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் வாசலில் நின்றேன்.

“சார், இவ இப்ப வீட்லயும் காதைத் தட்றதில்ல. எப்ப போகணும்னு எனக்கே தெரியல. ராத்திரி பகல்னு இல்லாம நனைச்சுக்கிறா. நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“காதுக்குப் பதிலா இப்ப அட்டை இருக்கேம்மா” என்றார் இலக்கு சார்.

“அப்ப அட்டையக் குடுங்க சார், வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

தலைமை ஆசிரியர் அலமாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். “அது பள்ளிச் சொத்தும்மா. வெளிய போகக் கூடாது.”

“வீட்டுக்கு வேணும்னா வீட்டுக்குத் தனியா ஒரு இலக்கு போடணும்” என்றார் இலக்கு சார். “அது அடுத்த வருஷத் திட்டத்துல பாக்கலாம். அதுவரைக்கும் நீங்க ஒண்ணு பண்ணலாம். அவ சுதந்திரத்துல குறுக்கிடாம இருங்க.”

அவள் கும்பிடவும் இல்லை, வாதாடவும் இல்லை. வெளியே வரும்போது என்னைக் கடந்து போனாள். நின்று ஏதாவது கேட்பாள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை.

ஆண்டு இறுதி மதிப்பீட்டுக் கூட்டம் நூலக அறையில் நடந்தது. மற்ற நான்கு பிள்ளைகளுக்கும் அன்று விடுமுறை. மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். நீள மேசையில் அவர், இலக்கு சார், தலைமை ஆசிரியர், எழுதிக்கொண்டே ஆசிரியை. ஓர் ஓரத்தில் பொத்தான், புதுச் சட்டையில் ஐந்து பொத்தானும் முழுசாக. அம்மாக்காரிக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல். நான் சுவரோரம் நின்றேன். உதவியாளருக்கு நாற்காலி அனுமதி இல்லை.

கூட்டம் ஒன்பதுக்கு என்றார்கள். அதிகாரி வந்தது பதினொன்றேகாலுக்கு. வரவேற்புரை, நோக்கவுரை, திட்டவுரை. இலக்கு சார் திரையில் வரைபடத்தைப் போட்டார். மலை ஏறி இறங்கித் தரையைத் தொட்டிருந்தது.

“ஐயா, இந்த மாணவி வந்தப்ப தன் தேவையை ஒரு தடவகூடக் கேட்டதில்ல. இன்னிக்கு அஞ்சுல நாலு தடவ முறைப்படி கேக்குறா. தேவையில்லாத காது தட்டும் பழக்கம், நூறு சதவீதம் ஒழிஞ்சிடுச்சு.”

“மற்றவைன்னு ஒரு கட்டத்துல நூத்தி எழுபதுன்னு இருக்கே, அது என்ன?” என்றார் அதிகாரி.

“அது மற்றவை ஐயா.”

அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். “பொண்ணைப் பாராட்டணும்” என்று எழுந்து கை குலுக்கக் கையை நீட்டினார். பொத்தான் அந்தக் கையில் அட்டையை வைத்தாள். அறையே கைதட்டியது. காவலாளி அவளைக் கழிப்பறை வரை கூட்டிப் போய் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றார். குழாய் திறந்து மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பி வந்ததும் மறுபடி கைதட்டினார்கள். அவள் பிஸ்கட்டுக்காக என்னைப் பார்த்தாள்.

பிறகு அதிகாரி பேசத் தொடங்கினார். “நான் சர்வீஸ்ல சேந்த காலத்துல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குப் பெத்தவங்க மட்டும்தான் இருந்தாங்க. அந்தப் பிள்ளைங்க சொல்றது அவங்க அம்மாவுக்கு மட்டும்தான் புரியும். எவ்வளவு பரிதாபம் பாருங்க. இன்னிக்கு அந்த நிலைமைய மாத்திட்டோம்.”

மணி ஒன்றானது. நான் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை ஏழுக்கு. நான் காலை மாற்றி வைத்தேன். பிறகு குறுக்கே வைத்தேன். முதுகைச் சுவரோடு அழுத்திக்கொண்டேன். நெற்றி வேர்த்தது. யாரும் பார்க்கவில்லை.

பொத்தான் பார்த்தாள். அவள் கண் என் காலுக்கு வந்தது, முகத்துக்குப் போனது, மறுபடி காலுக்கு வந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி, திரைக்கும் மேசைக்கும் நடுவே நடந்து என்னிடம் வந்தாள். குதிகாலை உயர்த்தி எட்டி, என் காதை இரண்டு முறை தட்டினாள்.

அதிகாரி பேச்சை நிறுத்தினார். எனக்கு அந்த நேரத்தில்தான் எல்லாம் உறைத்தது. குழாயடியில் நின்று பொத்தானைத் திருகிக்கொண்டு காத்திருந்த அத்தனை நாட்களும். அவள் ஒரு நாளும் தெரியாமல் தட்டியதில்லை. எனக்காகக் கேட்டிருக்கிறாள்.

“என்ன இது?” என்றார் அதிகாரி. “ஒழிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க?”

இலக்கு சாரின் முகம் வெளிறியது. தலைமை ஆசிரியர் என்னை முறைத்தார். கதவோரம் அம்மாக்காரி எழுந்து நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, பார்த்த மாத்திரத்திலேயே.

“அவ உங்களுக்குத்தான்கா கேக்குறா” என்றாள். “நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா இவங்க நம்புவாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆசிரியைகூட நிமிர்ந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் காதும் ஒரு பேச்சு என்று அந்தக் கோப்பில் ஏறியிருக்கும். இலக்கு சாரின் வரைபடம் கிழிந்திருக்கும், அதோடு என் பரிந்துரையும். எனக்குச் சோபாவும் டிவியும் ஞாபகம் வந்தன. கதவைத் திறந்து வழி விடாமல் நிற்கிற அண்ணி ஞாபகம் வந்தாள்.

“ஒண்ணும் இல்லைங்கய்யா” என்றேன். “சும்மா தட்டுறா. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல.”

இலக்கு சார் மூச்சு விட்டார். “பாத்தீங்களா, கூடவே இருக்கிற உதவியாளரே சொல்றாங்க. பழைய பழக்கத்தோட எச்சம். அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம்.” ஆசிரியை குனிந்து எழுதத் தொடங்கினார்.

பொத்தான் மறுபடி தட்டினாள். அவசரம் என்று நினைத்தாளோ என்னவோ, என் விரலைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள். நான் நூலகச் சுவரில் ஒரு புள்ளியைத் தேடினேன். புதிதாக வெள்ளை அடித்த சுவர், கறையே இல்லை. ஆணி அடித்த ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பார்த்தேன். அம்மாக்காரி வந்து பிள்ளையின் விரலை என் விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனாள். என் பக்கம் அவள் பார்க்கவில்லை. அதிகாரியின் உரை இன்னும் முக்கால் மணி நேரம் நடந்தது.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. அண்ணி அன்று கதவைத் திறந்தபோது நானே முந்திக்கொண்டு, “ஆயிடுச்சு” என்றேன். இப்போது எனக்கு ஓர் அறை இருக்கிறது. கதவு இருக்கிறது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன்.

புதிய ஆண்டில் மூன்றாம் எண்ணுக்கு ஒரே ஓர் இலக்குதான் போட்டார்கள்: பிறர் காதைத் தட்டும் பழக்கத்தை ஒழித்தல். பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. போன தடவை ஏழு வாரம் ஆயிற்று, இந்தத் தடவை மூன்றே வாரத்தில் முடித்துவிட்டேன். அனுபவம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா.